கிரெடிட் கார்டு பாக்கியை இடைத்தரகர் இல்லாமல் பேசி முடிக்கும் முறை

கிரெடிட் கார்டு பாக்கி கைமீறிப் போனவரின் கைப்பேசிக்கு முதலில் வங்கியிலிருந்து அழைப்பு வரும். சில வாரங்களிலேயே, ‘உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம்’ என்று சொல்லும் கடன் நிவாரண நிறுவனங்களின் விளம்பரமும் வந்து சேரும். வங்கியின் குரல் கடுமையாகவும் நிறுவனத்தின் குரல் கனிவாகவும் இருப்பதால் பலரும் இரண்டாவது கதவையே தட்டுகிறார்கள். அந்த நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தருவதாகச் சொல்லும் ஏறக்குறைய அனைத்தையும் கடன்பட்டவரே வங்கியிடம் நேரடியாகக் கேட்டுப் பெறலாம். அதற்கு வேண்டியவை இரண்டுதான்: கட்டுவதாகச் சொல்லும் தொகை கையில் இருக்க வேண்டும், பேசியது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். உறவினர் சிலரும் உடன் பணியாற்றியவர்கள் சிலரும் இந்த நெருக்கடியில் இருந்தபோது, அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தும், வங்கிக் கிளைக்கு உடன் சென்றும், லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் பக்கத்தில் அமர்ந்தும் நான் கண்டவற்றை வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

பாக்கியின் கணக்கை முதலில் போடுங்கள்

எத்தனை கார்டுகள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு பாக்கி, மாத வட்டி எத்தனை விழுக்காடு, கடைசியாகக் கட்டிய தேதி எது என்பதை ஒரே தாளில் எழுதி வைப்பதுதான் முதல் வேலை. எளிய வேலை போலத் தோன்றினாலும், நான் உடனிருந்த அனைவரும் தள்ளிப்போட்டது இதைத்தான். மொத்தத் தொகையைப் பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் இந்தத் தாள் இல்லாமல் வங்கியுடன் பேசத் தொடங்கினால், அவர்கள் சொல்லும் தொகையே கணக்காகிவிடும்.

பில்லில் குறைந்தபட்சமாகக் கட்டச் சொல்லும் தொகையை, அதாவது மினிமம் டியூவை, மட்டும் கட்டிக்கொண்டு வருபவர்கள் இந்த எண்களைக் கவனிக்க வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் பாக்கிக்கு மாதம் 3.5 விழுக்காடு வட்டி என்றால் ஒரு மாத வட்டி 3,500 ரூபாய். கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு என்பதால் அதன்மேல் 630 ரூபாய் சேரும். மினிமம் டியூவாக 5,000 ரூபாய் கட்டினால் அதில் 4,130 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய், 870 ரூபாய்தான் அசலில் கழியும். முந்தைய பில்லில் ஒரு பகுதி பாக்கி நின்றாலே, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாள்களும் கிடையாது. மளிகைக் கடையில் கார்டைத் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். ஆகவே கணக்குப் போட்ட அன்றே கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, அதில் தானாகக் கழியும் மாதச் சந்தாக்களையும் ரத்து செய்துவிட வேண்டும்.

‘இவ்வளவு வட்டி வாங்கச் சட்டத்தில் இடமுண்டா’ என்று பலர் கேட்கிறார்கள். ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்திருந்தது உண்மை. ஆனால் 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. எனவே வட்டி விகிதம் அநியாயம் என்று வாதாடி வெல்லலாம் என்னும் நம்பிக்கையில் காலத்தைக் கடத்த வேண்டாம். கேட்க வேண்டியது வேறு: கட்டாமல் விட்ட கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அவற்றின்மீது வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட கார்டு விதிமுறைகள் சொல்கின்றன, தாமதக் கட்டணத்தையும் கெடு தேதிக்குப் பின் நிலுவையில் நிற்கும் தொகையின் மீதுதான் விதிக்க வேண்டும். பழைய பில்களை எடுத்து இந்த இரண்டையும் சரிபார்த்தால், சில நேரம் பேச்சுவார்த்தைக்கு நல்ல பிடி கிடைக்கும்.

முழுவதும் கட்ட வழி இருக்கிறதா என்று பாருங்கள்

பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்ளும் செட்டில்மென்ட் கடைசி வழி. வருமானம் நிற்காமல் வந்துகொண்டிருந்தால், பாக்கியை முழுவதும் கட்டி முடிக்கும் வழிகளை முதலில் பார்க்க வேண்டும். அவற்றில் மிக எளியது, பாக்கியை இ.எம்.ஐ. ஆக மாற்றித் தருமாறு கார்டு கொடுத்த வங்கியையே கேட்பது. அதே ஒரு லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 16 விழுக்காட்டு வட்டியில் 24 மாதத் தவணையாக மாற்றினால் மாதத் தவணை சுமார் 4,900 ரூபாய், வட்டிக்கான ஜி.எஸ்.டி. முதல் மாதத்தில் 240 ரூபாய் அளவில் இருந்து மாதாமாதம் குறையும். மினிமம் டியூவாக இதுவரை கட்டிவந்த பணத்தோடு ஏறக்குறைய சமமான தொகையிலேயே இரண்டு ஆண்டுகளில் கடன் தீர்ந்துவிடுகிறது. இந்த ஒப்பீட்டைச் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருந்த நண்பர் ஒருவருக்குத் தாளில் போட்டுக் காட்டியபோது, அவர் நெடுநேரம் நம்பவில்லை. வங்கியின் செயலியிலேயே தவணைக் கணக்கைத் தட்டிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தவணையாக மாற்றும் வசதி, கெடு தவறாமல் கட்டிவருபவர்களுக்குத்தான் செயலியில் எளிதாகக் கிடைக்கிறது. கணக்கு ஒருமுறை தவறிவிட்டால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் மறைந்துவிடும், பிறகு எழுதிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். வேலை போகப்போகிறது, மருத்துவச் செலவு வரப்போகிறது என்று தெரிந்தால், பணத்துக்குத் தட்டுப்பாடு வரும் வரை காத்திராமல் அந்த மாதமே மாற்றிவிடுவது நல்லது.

வீட்டில் நகை இருந்தால், வங்கி நகைக்கடன் வாங்கிக் கார்டை அடைப்பது வட்டிக் கணக்கில் எப்போதும் லாபம்தான். ஆண்டுக்கு 40 விழுக்காட்டைத் தாண்டும் வட்டியின் இடத்தில் அதில் நான்கில் ஒரு பங்கை ஒட்டிய வட்டி வந்து அமர்கிறது. ஆயினும் நகை வீட்டுப் பெண்களுடையது என்பதையும், மீட்க முடியாமல் போனால் ஏலம் போவது அவர்களுடைய பொருள் என்பதையும் மறைக்காமல் பேசித்தான் இதைச் செய்ய வேண்டும். எல்.ஐ.சி. பாலிசியின்மீது கடன் வாங்குவதும் இதே வகைதான். தனிநபர் கடன் வாங்கிக் கார்டை அடைப்பவர்கள், அடைத்த கையோடு கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது விதி. மூடாமல் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் கடன், கார்டு ஆகிய இரண்டுக்கும் சேர்த்துக் கட்டும் நிலைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

செய்யவே கூடாதவை இரண்டு. ஒன்று, கடையில் கார்டைத் தேய்த்துக் கமிஷன் கொடுத்துக் காசாக்கி இன்னொரு கார்டை அடைக்கும் ரொட்டேஷன். மற்றது, கந்துவட்டிக்கு வாங்கிக் கார்டைக் கட்டுவது. தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருந்தாலும், வீட்டு வாசலில் வந்து நிற்பவரிடம் எந்தக் குறைதீர்ப்பாளரைக் காட்டியும் பேச முடியாது, வங்கியிடம் முடியும்.

செட்டில்மென்ட் யாருக்கு, எப்போது

வருமானம் நின்றுவிட்டது, அடுத்த சில ஆண்டுகளிலும் முழுப் பாக்கியைக் கட்ட வழி தெரியவில்லை, ஆனால் உறவினர் உதவியாலோ ஒரு மனையை விற்றோ பி.எஃப். பணத்தாலோ ஒரு தொகையை மொத்தமாகப் புரட்ட முடியும் என்னும் நிலையில் இருப்பவருக்குத்தான் செட்டில்மென்ட் பொருந்தும். மொத்தத் தொகை கையில் இல்லாமல் செட்டில்மென்ட் பேசுவதில் பயனில்லை. பேசி முடித்த தொகையைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் பெரும்பாலான கடிதங்களின்படி சலுகை ரத்தாகி, பழைய பாக்கி முழுவதும் உயிர்பெற்றுவிடும். அதுவரை கட்டியது பாக்கியில் வரவு வைக்கப்படும், அவ்வளவுதான்.

மினிமம் டியூ, கெடு தேதியிலிருந்து 90 நாள்களுக்குள் கட்டப்படாவிட்டால் கார்டுக் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதற்கு முன் செட்டில்மென்ட் கேட்டால் வங்கிகள் பெரும்பாலும் காது கொடுப்பதில்லை. இதைச் சாக்காகக் கொண்டு, கட்ட முடிந்தவரையும் ‘மூன்று மாதம் கட்டாமல் விடுங்கள், தானாக இறங்கி வருவார்கள்’ என்று தூண்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்த மூன்று மாதத்தில் வட்டியும் தாமதக் கட்டணமும் பாக்கியில் ஏறும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதைக் காட்டும் சிபில் ஸ்கோர் சரியும், இறுதியில் வங்கி இறங்கி வரும் என்பதற்கு உறுதியும் இல்லை. செட்டில்மென்ட் கடனாளியின் உரிமை அன்று. வங்கி தன் இயக்குநர் குழு ஒப்புதல் பெற்ற கொள்கைப்படி தரும் சலுகை. ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8 அன்று வெளியிட்ட சமரசத் தீர்வு நெறிமுறை, ஒவ்வொரு வங்கிக்கும் அத்தகைய கொள்கை இருக்க வேண்டும் என்கிறது. அதே நெறிமுறைதான், செட்டில்மென்ட் செய்தவருக்கு அந்த வங்கி குறைந்தது 12 மாதங்களுக்குப் புதுக் கடன் தரக் கூடாது என்றும் சொல்கிறது.

விலை அதோடு முடிவதில்லை. கடன் தகவல் அறிக்கையில் அந்தக் கணக்கின்மேல் ‘செட்டில்டு’ என்னும் குறிப்பு விழும். வீட்டுக்கடனுக்கோ மகளின் கல்விக்கடனுக்கோ போகும்போது, ஸ்கோரைவிட இந்தக் குறிப்பையே அதிகாரிகள் முதலில் சுட்டிக்காட்டுகிறார்கள். அடுத்த சில ஆண்டுகளில் வீடு வாங்கும் எண்ணம் இருப்பவர், வட்டித் தள்ளுபடி மட்டும் கேட்டு அசலை நீண்ட தவணையில் முழுவதும் கட்டும் ஏற்பாட்டுக்கு முயல்வதே மேல் என்பது என் கருத்து.

பேசுவதும் எழுதுவதும்

முதல் கடிதம் உங்களிடமிருந்து போக வேண்டும். வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, அதாவது நோடல் அதிகாரிக்கு, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். அவருடைய முகவரி கார்டு பில்லிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வேலை போனதற்கான கடிதம், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கம், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை இணைத்து, இந்த அளவில் எழுதினால் போதும்: ‘என் வருமானம் இன்ன காரணத்தால் நின்றுவிட்டது. இணைப்பில் ஆதாரங்கள் உள்ளன. என் உரிமைகளுக்குப் பாதகமின்றி, இக்கணக்கை முழுமையாகவும் இறுதியாகவும் முடித்துக்கொள்ள இத்தனை ரூபாயை இன்ன தேதிக்குள் ஒரே தவணையில் செலுத்த ஆயத்தமாக இருக்கிறேன். தங்கள் எழுத்துவழிப் பதில் கிடைத்ததும் செலுத்துவேன்.’ அழுகையோ வசையோ இதில் வேண்டாம்.

‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி கார்டு பாக்கிக்கு வங்கி வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டுகள்தான் கெடு. அந்தக் கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு எழுதினாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ அன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். பழைய பாக்கி உள்ளவர்கள், வங்கியின் வசூல் ஏஜென்ட் கெஞ்சுகிறாரே என்று ஓர் ஆயிரம் ரூபாய் அனுப்புவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடுவது நல்லது.

தொகையைப் பற்றிப் பேசும்போது, முதலில் வங்கி சொல்வது இறுதித் தொகை அன்று என்பதை நினைவில் கொள்ளுங்கள். நீங்கள் முதலில் சொல்வதும் உங்களிடம் இருக்கும் முழுத் தொகையாக இருக்க வேண்டாம். தொலைபேசியில் பேசும் ஏஜென்டுக்குத் தள்ளுபடி வரம்பு குறைவு. வங்கியின் வசூல் பிரிவு மேலாளருக்கு அதிகம். நான் கண்டவரை, காலாண்டு முடிவில், அதிலும் மார்ச் கடைசி வாரங்களில், அவர்கள் அதிகம் இறங்கி வருகிறார்கள். திருப்பூரில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஆயத்த ஆடைத் தொழிலில் நொடித்துப் போனபோது, டிசம்பரில் ‘இதற்குமேல் ஒரு ரூபாய்கூடக் குறையாது’ என்று சொன்ன அதே பிரிவு, மார்ச்சில் தானாகவே அழைத்துக் குறைத்தது. ‘இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் சலுகை போய்விடும்’ என்னும் மிரட்டலுக்கு அஞ்சி, கடிதம் வருவதற்கு முன் பணம் அனுப்புவதுதான் பலரையும் கெடுக்கிறது.

செட்டில்மென்ட் கடிதம் வங்கியின் பெயர் அச்சிட்ட தாளில் (லெட்டர்ஹெட்), வங்கியின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வர வேண்டும். ஏஜென்டின் வாட்ஸ்அப்பில் வரும் பி.டி.எஃப். கணக்கில் சேராது. அதில் கார்டின் கடைசி நான்கு எண்கள், அன்றைய மொத்தப் பாக்கி, ஒப்புக்கொண்ட தொகை, கட்ட வேண்டிய தேதிகள், அது முழுமையான இறுதித் தீர்வு என்னும் வாசகம், மீதியைத் தள்ளுபடி செய்து இனிக் கோரமாட்டோம் என்னும் உறுதி, வழக்கோ மத்தியஸ்தமோ (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் ஒருவர் விசாரித்துத் தீர்ப்பது) நடந்தால் அதைத் திரும்பப் பெறும் வாக்கு, கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். கடிதம் கைக்கு வந்ததும் கார்டின் பின்புறத்தில் உள்ள வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்தோ கிளைக்கு நேரில் சென்றோ அது உண்மைதானா என்று உறுதிசெய்யுங்கள். கடனை வங்கி, வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டதாகச் சொன்னால், விற்றதை வங்கியே எழுத்தில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அந்த நிறுவனத்தின் கடிதத்துக்கு மதிப்பு.

பணத்தைக் கார்டுக் கணக்கிலேயே, நெஃப்ட் வழியாகவோ கிளையில் டி.டி. கொடுத்தோ செலுத்துங்கள். ஏஜென்டின் ஜிபே எண்ணுக்கோ தனியார் கணக்குக்கோ ஒரு ரூபாயும் போகக் கூடாது. தேதியிடாத காசோலையையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்; கார்டு பாக்கி வெறும் சிவில் கடன், ஆனால் காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் குற்ற வழக்கு வரும். வங்கிக் கணக்கில் தானாகக் கழிய நீங்கள் ஒப்புதல் தந்த தவணை பணமில்லாமல் திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டுக் கொடுப்பனவுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் அதே நிலைதான். கார்டு தந்த வங்கியிலேயே சம்பளக் கணக்கும் இருந்தால், பாக்கிக்காக அதில் கைவைக்கப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இடம் இருக்கும். சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றுவதைப் பேச்சுவார்த்தைக்கு முன்பே செய்துவிடுங்கள்.

நிவாரண நிறுவனத்திடம் போகத்தான் வேண்டுமா

அமெரிக்காவில் இத்தகைய நிறுவனங்கள், ஒரு கடனையாவது தீர்த்துத் தருவதற்கு முன் கட்டணம் வாங்கக் கூடாது என்று மத்திய வர்த்தக ஆணையம் 2010-இல் தொலைபேசி விற்பனை விதிகளில் சேர்த்தது. அங்கே அவ்வளவு புகார்கள் வந்த பிறகு பிறந்த விதி அது. இந்தியாவில் அப்படி ஒரு தனி விதி இல்லை. பதிவுக் கட்டணம், மாதச் சந்தா, தள்ளுபடித் தொகையில் பங்கு என்று மூன்று வழியிலும் வாங்குகிறார்கள். உடன் பணியாற்றிய பெண் ஒருவர் அப்படி ஒரு நிறுவனத்தில் சேர்ந்து மாதாமாதம் சந்தா கட்டிவந்தார். அவர்கள் செய்தது, வங்கியின் அழைப்புகளை எடுக்க வேண்டாம் என்று சொன்னதும், வார்ப்புருக் கடிதம் ஒன்றை வங்கிக்கு அனுப்பியதும்தான். வங்கியோ மத்தியஸ்தருக்குப் போய்விட்டது. சந்தாவாகப் போன பணம் கையில் இருந்திருந்தால் சிறிய கார்டு ஒன்றை முழுவதும் அடைத்திருக்கலாம்.

அழைப்புகளால் மனம் ஒடிந்து, தானே பேசும் தெம்பு இல்லாதவருக்கு வேறொருவர் பேசுவது ஆறுதல் என்பதை மறுக்க மாட்டேன். அப்படியானால் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துக் கடிதப் போக்குவரத்தை ஒப்படைக்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால், தகுதி உள்ளவர்களுக்கு அதுவும் இலவசமாகவே கிடைக்கும். நிறுவனத்தோடுதான் போவது என்று முடிவு செய்தவர்கள், செட்டில்மென்ட் கடிதம் வந்த பிறகே கட்டணம் என்று எழுதி வாங்குங்கள்; கடனை அடைக்கச் சேர்க்கும் பணத்தை அவர்கள் சொல்லும் கணக்கில் போடாமல் உங்கள் பெயரிலேயே வைத்திருங்கள்.

ஏஜென்டுகள், நோட்டீஸ், நீதிமன்றம்

காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, மிரட்டவோ குடும்பத்தாரையும் நண்பர்களையும் அவமானப்படுத்தவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் மீண்டும் அறிவுறுத்தியிருக்கிறது. வீட்டுக்கு வருபவர் வங்கியின் அங்கீகாரக் கடிதமும் அடையாள அட்டையும் காட்ட வேண்டும். மீறினால் அழைப்பைப் பதிவு செய்து, தேதியும் நேரமும் குறித்து, வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாள்களில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் கட்டணமின்றி முறையிடலாம். வழி கேட்க 14448 என்னும் எண் உண்டு. ஆனால் ‘எனக்குச் செட்டில்மென்ட் தரவில்லை’ என்று அவரிடம் போனால் புகார் நிற்காது. அது வங்கியின் வணிக முடிவு. கொலை மிரட்டல் போன்றவற்றுக்கு இடம் காவல் நிலையம். பாரதிய நியாய சம்ஹிதையின் 351-ஆம் பிரிவு அதற்குரியது.

அப்பாவின் கார்டுக் கடனுக்கு மகனை அழைத்து மிரட்டுவது வழக்கமாகிவிட்டது. கார்டு வைத்திருந்தவர் இறந்தாலும், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. தம் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. கார்டு பாக்கிக்காகக் காவல்துறை கைது செய்யும் என்பதும் பொய். வங்கி வழக்கில் வென்று தீர்ப்பாணை பெற்றாலும், கட்டச் சக்தியே இல்லாதவரைச் சிவில் சிறைக்கு அனுப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. சம்பளத்தை ஜப்தி செய்தாலும் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடப்படாது, பி.எஃப். பணத்தையும் ஜப்தி செய்ய முடியாது.

அதற்காக நோட்டீஸைத் திறக்காமல் வைப்பது ஆபத்து. மத்தியஸ்தரின் நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்து, நீதிமன்ற ஆணை போலவே செயல்படுத்தப்படும். வங்கியே தன் விருப்பப்படி மத்தியஸ்தரை நியமித்திருந்தால், அந்த நியமனத்தை எதிர்க்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் துணை உண்டு. எதிர்ப்பை எழுத்தில், தொடக்கத்திலேயே பதிவு செய்ய வேண்டும்.

லோக் அதாலத் நோட்டீஸைக் கண்டு மட்டும் யாரும் அஞ்ச வேண்டியதில்லை. நான் பார்த்தவற்றில் மிகக் கண்ணியமாக முடிந்த செட்டில்மென்ட்கள் அங்கேதான் முடிந்தன. வங்கி மேலாளர் எதிரே அமர்ந்திருக்க, நீதித்துறை அலுவலர் ஒருவர் இரு தரப்பையும் கேட்பதால், தொலைபேசியில் கத்துபவர்கூட அங்கே ‘சார்’ போட்டுப் பேசுகிறார். கட்டணம் இல்லை, ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் கையெழுத்திட்டுவிட்டால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே அந்த இடத்தின் மரியாதைக்கு மயங்கி, கட்ட முடியாத தவணைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, நிறுவனக் கடன்களுக்கு ஜாமீன் நின்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நடைமுறைக்கு வரவில்லை. அதனால் சென்னை நகரத்துக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டமும் மற்ற மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டமுமே இன்றும் வழி. பின்னதில் 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனு போடலாம் என்பதிலிருந்து அதன் வயது தெரியும். மனு கொடுத்த மாத்திரத்தில் கடன் அழிவதில்லை. சொத்து நீதிமன்ற அலுவலரிடம் போய், பல ஆண்டு நடைக்குப் பிறகே விடுவிப்பு வரும். கார்டு பாக்கிக்காக மட்டும் இந்த வழியில் இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கட்டி முடித்த பிறகு

கடைசித் தவணை கட்டியதும் பாக்கி இல்லை என்னும் சான்றிதழை, என்.ஓ.சி. என்று சொல்லப்படுவதை, எழுதிக் கேட்டு வாங்குங்கள். செட்டில்மென்ட் கடிதம், பணம் செலுத்திய ரசீது, இந்தச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து வேறொரு வசூல் நிறுவனம் பழைய பட்டியலோடு அழைப்பது அரிதன்று. கணக்கு ‘ரைட் ஆஃப்’ செய்யப்பட்டதாக வங்கி சொன்னதையே தள்ளுபடி என்று எண்ணி, இந்தச் சான்றிதழ் வாங்காமல் விட்டவர்களும் உண்டு. அது வங்கியின் கணக்குப் புத்தகத்துக்கு உள்ளே நடப்பது. கடனைக் கோரும் உரிமை அப்படியேதான் இருக்கும்.

ஓரிரு மாதம் பொறுத்து, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பாக்கித் தொகை பூஜ்யமாக இருக்க வேண்டும். இன்னும் பழைய பாக்கியே தெரிந்தால் மூன்று ஆவணங்களையும் இணைத்து, அறிக்கை நிறுவனத்திடமும் வங்கியிடமும் திருத்தம் கேளுங்கள். 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ‘செட்டில்டு’ குறிப்பைக் காசு வாங்கிக்கொண்டு அழித்துத் தருவதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். உண்மையான பதிவை அவர்களால் அழிக்க முடியாது. பிற்காலத்தில் கை நிமிர்ந்தால், தள்ளுபடி செய்த மீதியை மட்டும் கட்டி, கணக்கை ‘குளோஸ்டு’ என்று மாற்றித் தருவீர்களா என்று வங்கியைக் கேட்கலாம். சில வங்கிகள் ஒப்புக்கொள்கின்றன. அப்போதும் மாற்றித் தருவதாக எழுதிய கடிதம் கைக்கு வந்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.